சொல்லும் சாட்சியும்: அல்ஜீரிய விடுதலைப் போரில் உளவியல் யுத்தமும் பொது இராஜதந்திரமும்

1999ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 18ஆம் திகதி பிரான்ஸ் ஒரு சட்டத்தை வெளியிட்டது. ‘வட ஆபிரிக்காவில் மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகள்’ என அதுவரை சட்ட ஏடுகளில் குறிக்கப்பட்டு வந்ததை இனி ‘அல்ஜீரியப் போர்’ என்று குறிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். போர் முடிவுற்று அப்போது முப்பத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன. இலட்சக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட ஒரு போருக்குப் ‘போர்’ என்ற பெயரைச் சூட்டுவதற்கு ஒரு வல்லரசுக்கு இத்தனை காலம் தேவைப்பட்டது ஏன் என்ற வினாவிலிருந்தே நமது ஆய்வைத் தொடங்கலாம்.

1954 முதல் 1962 வரை நிகழ்ந்த அல்ஜீரிய விடுதலைப் போர், துப்பாக்கிகளால் நடத்தப்பட்ட அளவுக்குச் சொற்களாலும் நடத்தப்பட்டது. அல்ஜீரியா பிரான்சின் ஒரு பகுதி என்பதே பிரெஞ்சு அரசின் நிலைப்பாடு. ஒரு நாடு தன்னோடு தானே போர் புரிய முடியாது. எனவே அங்கு நடந்தவை ‘சம்பவங்கள்’ என்றும் ‘ஒழுங்கைப் பேணும் நடவடிக்கைகள்’ என்றும் அழைக்கப்பட்டன. அதனைப் போர் என்று உலகை ஏற்கச் செய்துவிட்டால், அல்ஜீரியா தனியொரு தேசம் என்பதும் ஏற்கப்பட்டதாகிவிடும். இரு தரப்பினரும் இதனை நன்குணர்ந்திருந்தனர்.

இங்கு இரு எண்ணக்கருக்களை வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகும். எதிரியின் மனவுறுதியைக் குலைப்பதற்கும், கைப்பற்றப்பட்ட மக்களின் உள்ளங்களை வசப்படுத்துவதற்கும் செய்தி, வதந்தி, அச்சம், ஆசை என்பவற்றைத் திட்டமிட்டுப் பயன்படுத்துவது உளவியல் யுத்தம். பிற நாடுகளின் அரசுகளோடு நின்றுவிடாது, அந்நாடுகளின் மக்கள், பத்திரிகைகள், பல்கலைக்கழகங்கள், தொழிற்சங்கங்கள் ஆகியவற்றை அணுகித் தமது நியாயத்தை எடுத்துரைப்பது பொது இராஜதந்திரம். பின்னைய பெயர் 1965ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் இப்பொருளில் வழக்கிற்கு வந்தது. ஆனால் பெயர் பிறக்கும் முன்பே அக்கலையைக் கையாண்டு அல்ஜீரியர் தம் நாட்டை மீட்டிருந்தனர். முதலாவதை முழு ஆற்றலுடன் பயன்படுத்திய தரப்புத் தோற்றதும், இரண்டாவதை நம்பிய தரப்பு வென்றதும் எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதலாவது துண்டுப்பிரசுரம்

அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் பரப்புரையின் வரலாறு அதன் ஆக்கிரமிப்பின் வரலாற்றோடு ஒரே நாளில் தொடங்குகின்றது. 1830ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் திகதி ஸீதி ஃபர்ரூஜ் கரையில் பிரெஞ்சுப் படைகள் இறங்கியபோது, அறபு மொழியில் முன்னரே ஆக்கப்பட்ட ஒரு பிரகடனம் அவர்களிடம் இருந்தது. தாம் துருக்கிய ஆட்சியாளருக்கு எதிராகவே வந்திருப்பதாகவும், அல்ஜீரியரின் மார்க்கத்திற்கும் உடைமைகளுக்கும் எவ்விதப் பங்கமும் நேராது எனவும் அது உறுதி கூறிற்று. ஜூலை 5ஆம் திகதி ஆளுநர் ஹுஸைன் தாயுடன் செய்துகொள்ளப்பட்ட சரணடைவு உடன்படிக்கையிலும் மார்க்கச் சுதந்திரம், சொத்துரிமை, பெண்களின் கண்ணியம் என்பன வாக்களிக்கப்பட்டன.

சில ஆண்டுகளுக்குள் அல்ஜியர்ஸ் நகரின் கெச்சாவா பள்ளிவாசல் பறிக்கப்பட்டுத் தேவாலயமாக மாற்றப்பட்டது. வக்பு சொத்துக்கள் அரசுடைமையாக்கப்பட்டன. விளைநிலங்கள் குடியேறிகளின் கைகளுக்குச் சென்றன. 1848இல் அல்ஜீரியா பிரெஞ்சு மண்ணின் பகுதியெனப் பிரகடனம் செய்யப்பட்டது. எனினும் அம்மண்ணின் மைந்தர்கள் சம உரிமையுள்ள பிரசைகளாக ஏற்கப்படவில்லை. 1954ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ பத்து இலட்சம் ஐரோப்பியக் குடியேறிகளின் கையில் ஆட்சியும் வளமும் குவிந்திருக்க, எண்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் தம் சொந்த நாட்டிலேயே கீழ்ப்பட்டோராய் வாழ்ந்தனர்.

பின்னர் வந்த எந்தப் பிரெஞ்சுப் பரப்புரையும் கடக்க முடியாத தடை இதுவே. 1830ஆம் ஆண்டின் வாக்குறுதிக்கு நேர்ந்த கதியை அம்மக்கள் நூற்றாண்டுக்கும் மேலாகத் தம் கண்களால் கண்டிருந்தனர். 1931ஆம் ஆண்டு அப்துல் ஹமீத் இப்னு பாதிஸ் அவர்களின் தலைமையில் அமைந்த அல்ஜீரிய முஸ்லிம் உலமாக்கள் சங்கம், அறபு மொழியையும் இஸ்லாமிய அறிவையும் புகட்டும் மத்ரஸாக்களை நாடெங்கும் நிறுவி, அல்ஜீரியா பிரான்ஸ் அன்று என்ற உணர்வைப் புதிய தலைமுறையின் உள்ளத்தில் ஊன்றியது. 1945 மே 8ஆம் திகதி, ஹிட்லரின் ஜேர்மனி வீழ்ந்ததை ஐரோப்பா கொண்டாடிய அதே நாளில், ஸதீஃப் நகரில் சுதந்திரக் கொடி ஏந்திய ஊர்வலத்தின் மீது சூடு நடத்தப்பட்டது. அதனைத் தொடர்ந்து குடியேறிகள் பலர் கொல்லப்பட்டனர். பதிலடியாக ஸதீஃப், கால்மா, கர்ராத்தா பிரதேசங்களில் ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் கொன்று குவிக்கப்பட்டனர். பலியானோர் தொகை ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியது எனப் பிரெஞ்சு அதிகாரிகள் கூற, நாற்பத்தையாயிரம் என அல்ஜீரியர் கூறினர். எண்ணிக்கையும் ஒரு போர்க்களமாகும் என்பதை இப்பிணக்கு அன்றே உணர்த்திற்று.

உலகின் முன் வைக்கப்பட்ட வழக்கு

1954 நவம்பர் 1ஆம் திகதி தேசிய விடுதலை முன்னணி ஆயுதப் போராட்டத்தை ஆரம்பித்தது. அன்றிரவின் தாக்குதல்கள் இராணுவ நோக்கில் சிறியவை, போராளிகள் சில நூறு பேர், ஆயுதங்கள் பழையவை. ஆயின் அவர்கள் வெளியிட்ட பிரகடனம் கூர்ந்து வாசிக்கத்தக்கது. முன்னணியின் வெளிநாட்டு இலக்குகளுள் முதலாவதாக அதிற் குறிக்கப்பட்டது, அல்ஜீரியப் பிரச்சினையைச் சர்வதேசமயப்படுத்துவதாகும். கெய்ரோவிலிருந்து ஒலித்த ‘ஸவ்துல் அறப்’ வானொலி அப்பிரகடனத்தை அறபுலகெங்கும் கொண்டு சென்றது. ஐரோப்பாவின் மிகப் பெரும் படைகளுள் ஒன்றை மலைகளில் வைத்துத் தோற்கடிக்க இயலாது என்பதை அதன் ஸ்தாபகர்கள் அறிந்திருந்தனர். தோற்காமல் நீடித்திருப்பதும், அதற்கிடையே உலகைச் சாட்சியாக அழைப்பதுமே அவர்களது வியூகம்.

முதல் வாய்ப்பு 1955 ஏப்ரலில் கிட்டியது. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகள் கூட்டிய பாண்டுங் மாநாட்டில், ஹுஸைன் ஆயத் அஹ்மதும் முஹம்மத் யஸீதும் முன்னணியின் சார்பில் பார்வையாளர்களாகக் கலந்துகொண்டனர். வட ஆபிரிக்க மக்களின் சுயநிர்ணய உரிமையை மாநாட்டின் இறுதி அறிக்கை ஆதரித்தது. அதே ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி, அல்ஜீரியப் பிரச்சினையை நிகழ்ச்சிநிரலிற் சேர்ப்பது குறித்து ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 28, எதிராக 27. இது பிரான்சின் உள்நாட்டு விவகாரம் எனக் கண்டித்துப் பிரெஞ்சுத் தூதுக்குழு சபையை விட்டு வெளியேறியது. நவம்பரில் விவாதம் கைவிடப்பட்ட போதிலும், ஒரே ஒரு வாக்கால் திறந்த அக்கதவு பின்னர் முற்றாக மூடப்படவே இல்லை.

1956இல் நியூயோர்க்கில் முன்னணியின் அலுவலகம் நிறுவப்பட்டது. யஸீதும் அவருக்குப் பின் அப்துல் காதிர் ஷந்தர்லியும் அதனை நடத்தினர். பிரெஞ்சு அரசின் தகவற் பணியகத்திடம் இருந்த பணமோ ஆட்பலமோ அவர்களிடம் இருக்கவில்லை. அவர்கள் பத்திரிகையாளரைத் தேடிச் சென்றனர். தூதுக்குழுக்களின் வாயில்களைத் தட்டினர். மாணவர், தொழிற்சங்கத்தினர், மத குருமார் என்போரைச் சந்தித்தனர். அமெரிக்கர் தம் சொந்த விடுதலை வரலாற்றில் போற்றும் விழுமியங்களைக் கொண்டே அவர்களோடு வாதித்தனர். 1957 ஜூலை 2ஆம் திகதி இளம் செனட்டரான ஜோன் எஃப். கென்னடி, அல்ஜீரியச் சுதந்திரத்தை ஆதரித்து அமெரிக்க மேற்சபையில் உரையாற்றியபோது பாரிஸ் அதிர்ச்சியுற்றது.

இம்முயற்சி அரசியல்வாதிகளோடு நின்றுவிடவில்லை. 1957 ஜனவரியில் அமைக்கப்பட்ட அல்ஜீரியச் செம்பிறைச் சங்கம், டியூனீசியாவுக்கும் மொரோக்கோவுக்கும் தப்பியோடிய அகதிகளின் துயரை உலகறியச் செய்தது. 1958 ஏப்ரலில் பிரெஞ்சுக் கழகங்களில் விளையாடிவந்த அல்ஜீரிய உதைபந்தாட்ட வீரர்கள் பலர் இரகசியமாக வெளியேறி டியூனிஸ் நகரில் ஒன்றுகூடினர். அவர்களுள் ரஷீத் மக்லூஃபி, முஸ்தபா ஸைத்தூனி ஆகியோர் அவ்வாண்டு உலகக் கிண்ணப் போட்டிக்கான பிரெஞ்சு அணியில் இடம்பெறவிருந்தவர்கள். புகழையும் பொருளையும் துறந்து அவர்கள் அல்ஜீரியக் கொடியின் கீழ் நாடு நாடாகச் சென்று ஆடினர். அரசு ஒன்று பிறக்கும் முன்பே அதன் தேசிய அணி பிறந்துவிட்டது.

ஐந்தாம் பணியகம்

பிரெஞ்சு இராணுவத்தின் மறுமொழி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1954இல் தியன் பியன் ஃபூவில் தோற்று, வியட்மின் சிறை முகாம்களில் அரசியற் போதனைக்கு உட்படுத்தப்பட்டுத் திரும்பிய அதிகாரிகள், தம் தோல்விக்குரிய காரணத்தைத் தேடினர். கேர்ணல் ஷார்ல் லஷெரோய் போன்றோர் கண்ட விடை இது: எதிரி மக்களின் மனங்களை ஒழுங்கமைக்கும் ஒரு நுட்பத்தைக் கைக்கொண்டான், அதே நுட்பத்தை நாமும் கைக்கொண்டால் வெல்லலாம். வியட்நாமியர் தம் நாட்டின் விடுதலைக்காகப் போராடினர் என்ற எளிய உண்மை இக்கணக்கில் இடம்பெறவில்லை. எதிரியின் முறையைக் கற்றவர்கள் அவனது நோக்கத்தைக் கவனியாது விட்டனர்.

1957இல் இராணுவத் தலைமையகங்களில் ‘ஐந்தாம் பணியகம்’ முறையாக அமைக்கப்பட்டது. உளவியல் நடவடிக்கையே அதன் பணி. ஒலிபெருக்கி, துண்டுப்பிரசுரப் படைப்பிரிவுகள் கிராமந்தோறும் சென்றன. சுவரொட்டிகள், நடமாடும் திரைப்படக் காட்சிகள், சரணடைவோருக்குப் பாதுகாப்பு உறுதியளிக்கும் அச்சிட்ட சீட்டுகள், சிறைப்பட்டோரை ‘மறுகல்வி’க்கு உட்படுத்தும் முகாம்கள் என அதன் கருவிகள் பலவாயின. 1955 முதல் நிறுவப்பட்டு ஏறத்தாழ எழுநூறாகப் பெருகிய சிறப்பு நிருவாகப் பிரிவுகளின் அதிகாரிகள் பாடசாலைகளையும் மருந்தகங்களையும் நடத்தினர். அவர்களுள் அறபு, பர்பர் மொழிகளைக் கற்று மக்களுக்கு உளமார உதவிய நல்லோரும் இருந்தனர் என்பதை மறுத்தல் நியாயமன்று.

ஆயினும் மருந்து கொடுத்த அதே இராணுவமே கிராமங்களைக் காலிசெய்தது. கெரில்லாக்களை மக்களிடமிருந்து பிரிக்கும் பொருட்டு மலைப்பகுதிகள் தடைசெய்யப்பட்ட வலயங்களாக அறிவிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்தோர் முட்கம்பி வேலியிட்ட மீள்குடியமர்வு முகாம்களுக்கு மாற்றப்பட்டனர். போரின் இறுதியில் இவ்வாறு இடம்பெயர்க்கப்பட்டோர் தொகை இருபது இலட்சத்தை எட்டிற்று. 1959இல் பிற்காலப் பிரதமரான மிஷெல் ரொக்கார், இளம் நிதித்துறை அதிகாரியாக இருந்தபோது இம்முகாம்களைப் பார்வையிட்டு, அங்கு நிலவிய பசியையும் குழந்தைகளின் மரணத்தையும் அறிக்கையாக எழுதினார். அது பத்திரிகைகளுக்குக் கசிந்தபோது, ஆயிரம் சுவரொட்டிகள் கட்டியெழுப்ப முயன்ற தோற்றம் சரிந்தது.

இதே முரண்பாட்டை 1958ஆம் ஆண்டு மே மாத நிகழ்வுகளிலும் காணலாம். மே 13ஆம் திகதி குடியேறிகளும் இராணுவத்தினரும் அல்ஜியர்ஸில் கிளர்ந்தெழுந்து நான்காம் குடியரசை ஆட்டங்காணச் செய்தனர். அடுத்த சில நாட்களில் ‘சகோதரத்துவம்’ என்ற பெயரில் முஸ்லிம்கள் இராணுவ வாகனங்களில் நகரின் மத்திய சதுக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். மேடையிலேறிய முஸ்லிம் பெண்கள் சிலர் தம் முகத்திரையைக் களைந்தனர். புகைப்படங்கள் உலகெங்கும் அனுப்பப்பட்டன. இச்சடங்குகளின் பின்னணியில் ஐந்தாம் பணியகத்தின் திட்டமிடலும், சில இடங்களில் நேரடி வற்புறுத்தலும் இருந்தமையைப் பிற்கால ஆய்வுகள் ஆவணங்களுடன் எடுத்துக்காட்டியுள்ளன. 128 ஆண்டுகளாக முஸ்லிம் பெண்களின் கல்வியைப் புறக்கணித்த ஓர் ஆட்சி, அவர்களது விடுதலையை ஒரே மாலைப்பொழுதில் அரங்கேற்ற முனைந்தது. நெடுங்காலமாகத் திரையின்றி வாழ்ந்த பெண்கள் பலர் இதன் பின்னர் அதனை மீண்டும் அணிந்தனர் என ஃபிரான்ட்ஸ் ஃபனோன் பதிவு செய்கின்றார். அவரே குறிப்பிடுவதுபோல், அதற்கு முந்திய ஆண்டுகளில் போராளிப் பெண்கள் சோதனைச் சாவடிகளைக் கடப்பதற்காகத் திரையைக் களைந்து ஐரோப்பிய உடையில் நடமாடியிருந்தனர். அணிவதும் களைவதும் தம் தீர்மானமாக இருக்க வேண்டும் என்பதே அவர்களது நிலைப்பாடாக இருந்தது.

இரைச்சலுக்குள் கேட்ட குரல்

1956 டிசம்பர் 16ஆம் திகதி ‘போராடும் சுதந்திர அல்ஜீரியாவின் குரல்’ ஒலிபரப்பை ஆரம்பித்தது. மொரோக்கோவின் வடபகுதியில் வாகனமொன்றில் பொருத்தப்பட்ட கருவியே அதன் நிலையம். அதுவரை அல்ஜீரிய முஸ்லிம் இல்லங்களில் வானொலிப் பெட்டி அரிதாகவே காணப்பட்டது. அல்ஜியர்ஸ் வானொலி குடியேறிகளின் குரல். அதனை வீட்டுக்குள் அனுமதிக்கப் பெரும்பாலோர் விரும்பவில்லை. புதிய ஒலிபரப்புத் தொடங்கியதும் வானொலிப் பெட்டிகள் விரைந்து விற்றுத் தீர்ந்தன. மின்சாரமற்ற கிராமங்களில் மின்கலங்களால் இயங்கும் பெட்டிகளுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. அதிகாரிகள் அனுமதிச் சீட்டின்றிப் பெட்டிகள் விற்பதைத் தடுத்தனர். மின்கலங்களைச் சந்தையிலிருந்து அகற்றினர். ஒலியலைகளை இரைச்சலால் மறித்தனர்.

பின் நிகழ்ந்ததை 1959இல் வெளிவந்த தமது நூலில் ஃபனோன் விரிவாக விளக்குகின்றார். ஒருவர் பெட்டியருகே காதை வைத்து அமர்ந்திருப்பார். ஏனையோர் அவரைச் சூழ்ந்திருப்பர். இரைச்சலுக்கிடையே அவருக்குக் கேட்டவை ஒன்றிரண்டு சொற்களே. ஒலிபரப்பு முடிந்ததும், இன்ன இடத்துச் சமரைப் பற்றிக் கூறினார்களா எனச் சூழ்ந்திருந்தோர் கேட்பர். அவர் ஆம் என்பார். கேட்காததையும் கேட்டதாகக் கூறிய அவரைப் பொய்யர் எனக் கருதுவதற்கில்லை என்பது ஃபனோனின் வாதம். துண்டு துண்டாக வந்த குரலை அம்மக்கள் தம் சொந்த அனுபவத்தால் நிரப்பிக்கொண்டனர் என்கிறார். இவ்விளக்கத்தை நாம் முழுமையாக ஏற்க வேண்டியதில்லை. கேட்காததைக் கேட்டதாகக் கொள்ளும் பழக்கம் எங்கு கொண்டு சேர்க்கும் என்பதைக் கீழே காண்போம். ஆனால் தெளிவான ஒலியுடன் பேசிய அல்ஜியர்ஸ் வானொலியை அம்மக்கள் செவிமடுக்காமைக்கு, அது அவர்களைப் பற்றிப் பேசியதேயன்றி அவர்களுக்காக ஒருபோதும் பேசாமையே காரணம் என்பதில் ஐயமில்லை.

வெற்றி பெற்ற படையும் தோற்ற வழக்கும்

1957ஆம் ஆண்டின் அல்ஜியர்ஸ் சமர் இவ்வரலாற்றின் மையம். நகரில் முன்னணி நடத்திய குண்டுவெடிப்புகளில் உணவகங்களிலும் தெருக்களிலும் பொதுமக்கள் மாண்டனர்; அவற்றுக்கு முன் 1956 ஓகஸ்டில் கஸ்பா பகுதியில் குடியேறித் தீவிரவாதிகள் வைத்த குண்டு உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்களை அழித்திருந்தது. 1957 ஜனவரியில் ஜெனரல் மஸ்ஸுவின் பரசூட் படைப்பிரிவிடம் நகரின் பாதுகாப்பு ஒப்படைக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையில் விவாதம் நடைபெறும் தருணத்தில் மக்கள் யார் பக்கம் என்பதைக் காட்டும் பொருட்டு, ஜனவரி 28 முதல் எட்டு நாள் வேலைநிறுத்தத்துக்கு முன்னணி அழைப்பு விடுத்தது. படையினர் கடைக் கதவுகளை வாகனங்களால் பிடுங்கியெறிந்தனர். தொழிலாளரை லொறிகளில் ஏற்றிச் சென்றனர். வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. ஆயினும் முறியடிக்கப்பட்ட விதத்தை உலகப் பத்திரிகைகள் படம்பிடித்தன. அழைப்பின் நோக்கம் நிறைவேறியது.

அவ்வாண்டு இறுதிக்குள் நகரில் முன்னணியின் வலையமைப்பு முற்றாகச் சிதைந்தது. அதற்குரிய கருவியாகச் சித்திரவதை அமைந்தது. முன்னணித் தலைவர்களுள் ஒருவரான அல்அறபி பின் மஹீதி பெப்ரவரியில் கைதாகி மார்ச் மாதத் தொடக்கத்தில் சிறையில் தூக்கிட்டுத் தற்கொலை செய்துகொண்டதாக அறிவிக்கப்பட்டது. அதே மாதம் சட்டத்தரணி அலி பூமன்ஜல் மாடியிலிருந்து குதித்து இறந்ததாகக் கூறப்பட்டது. நகரப் பொலிஸ் நிருவாகத்தின் செயலாளர் போல் தெய்த்ஜன், இரண்டாம் உலகப் போரில் தாம் நாஸிகளிடம் அனுபவித்த வதையின் அடையாளங்களைக் கைதிகளின் உடல்களிற் கண்டதாக எழுதிப் பதவி விலக முன்வந்தார், செப்டெம்பரில் வெளியேறினார். காணாமற்போனோர் 3024 பேர் என்பது அவர் தந்த கணக்கு. ஜெனரல் பொலார்டியேர் இம்முறைகளைப் பகிரங்கமாகக் கண்டித்தமைக்காக அறுபது நாள் கோட்டைச் சிறைத்தண்டனை பெற்றார். 1958இல் வெளிவந்த ஆன்றி அலெக்கின் சிறை அனுபவ நூல் பறிமுதல் செய்யப்பட்டது. பறிமுதலே அதற்கு விளம்பரமாயிற்று. மரண தண்டனை விதிக்கப்பட்ட ஜமீலா பூஹைரித் என்ற இளம் பெண்ணின் பெயர் கெய்ரோ முதல் பல தலைநகரங்கள் வரை ஒலித்தது. 1958இல் அத்தண்டனை குறைக்கப்பட்டது.

பிரான்சுக்கு எதிரான மிக வலிய சான்றுகள் பிரெஞ்சுக்காரரின் வாயிலிருந்தே வந்தன என்பது இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. முன்னணியின் நியூயோர்க் அலுவலகம் புனையவேண்டிய தேவை எழவில்லை. சாட்சிகளை உலகின் முன் கொண்டுவந்து நிறுத்தினால் போதுமாயிருந்தது. 1958 பெப்ரவரி 8ஆம் திகதி, டியூனீசிய எல்லையிலுள்ள ஸாகியத் ஸீதி யூஸுஃப் கிராமத்தின் மீது, சந்தை கூடும் நாளில் பிரெஞ்சு விமானங்கள் குண்டு வீசின. ஏறத்தாழ எழுபது பேர் மாண்டனர். பாடசாலைச் சிறார்களும் அவர்களுள் அடங்குவர். அகதிகளுக்கு உதவ வந்திருந்த செஞ்சிலுவைச் சங்க வாகனங்களும் தாக்குண்டன. ஜனாதிபதி பூரக்கீபா வெளிநாட்டுப் பத்திரிகையாளரை அங்கு வரவழைத்தார். அமெரிக்காவும் பிரித்தானியாவும் மத்தியஸ்தத்திற்கு முன்வந்தன. ‘உள்நாட்டு விவகாரம்’ என்ற வாதம் அன்றோடு வலுவிழந்தது.

சந்தேகம் என்ற ஆயுதம்

பிரெஞ்சு உளவியல் யுத்தம் முற்றிலும் தோற்றது என்று கூறுவது வரலாற்றுக்கு முரணாகும். அதன் மிகக் கொடிய வெற்றி 1958இல் கபீலியா மலைப்பகுதியில் நிகழ்ந்தது. கேர்ணல் கொதாரின் கீழ் பணியாற்றிய கப்டன் லெஜே, மனம் மாறிய முன்னாள் போராளிகளைக் கொண்டு ஓர் இரகசியக் குழுவை அமைத்திருந்தார். போலிக் கடிதங்களையும் பொய்த் தகவல்களையும் கைதிகளின் கண்ணிற் படச்செய்து பின்னர் அவர்களை விடுவிப்பது அவரது உபாயம். விடுதலைப் படையின் இன்னின்னார் பிரெஞ்சு உளவாளிகள் என்ற செய்தி இவ்வாறு மலைகளைச் சென்றடைந்தது. மூன்றாம் பிராந்தியத் தளபதி அமிரூஷ் அதனை நம்பினார். விசாரணை என்ற பெயரில் சித்திரவதை நடந்தது. வதை தாளாது ஒருவர் கூறிய பெயர்கள் அடுத்தோரைச் சிக்கவைத்தன. 1956இல் கல்விக்கூடங்களைத் துறந்து மலையேறிய மாணவர்களும் கற்றோருமே பெரிதும் பலியாயினர். கொல்லப்பட்டோர் தொகை குறித்துக் கருத்து வேறுபாடு நிலவினும், அப்பிராந்தியத்தின் அறிவாற்றல் மிக்க இளையோரிற் பெரும் பகுதியினர் தம் தோழர்களின் கைகளாலேயே மடிந்தனர். செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத் கற்பிக்கும் ஒழுங்கு கைவிடப்படும்போது நேரும் அழிவுக்கு இதனினும் துயரமான சான்று வேறில்லை.

முன்னணியும் பொய்யுரைத்தது. 1957 மே மாத இறுதியில் மலூஸா அருகே, போட்டி இயக்கத்தை ஆதரித்த கிராமமொன்றின் ஏறத்தாழ முந்நூறு ஆண்கள் கொல்லப்பட்டனர். முன்னணி அப்பழியைப் பிரெஞ்சு இராணுவத்தின் மீது சுமத்தியது. அதன் ஆட்களே அதனைச் செய்தனர் என்பது பின்னாளில் அவர்களிடமிருந்தே வெளிப்பட்டது. 1956ஆம் ஆண்டின் ஸும்மாம் மாநாட்டை முன்னின்று நடத்திய அப்பான் ரமழான், 1957 டிசம்பர் 27ஆம் திகதி மொரோக்கோவில் தம் சகாக்களாலேயே கொல்லப்பட்டார். ஐந்து மாதங்கள் கழித்து, அவர் களத்தில் வீரமரணம் எய்தியதாக முன்னணியின் ‘அல்முஜாஹித்’ பத்திரிகை அறிவித்தது. பின் மஹீதியின் மரணத்தைப் பற்றிப் பிரெஞ்சு அரசு கூறியதற்கும் இதற்கும் தன்மையில் வேறுபாடில்லை. விடுதலைக்குப் பின் ஆயுதம் தாங்கியோர் அரசியலாளரை மேவிய அல்ஜீரியாவின் கதையை, இம்மறைப்பிலிருந்து தொடங்கி வாசிப்போர் பலர்.

திரும்பித் தாக்கிய நுட்பம்

1959ஆம் ஆண்டு ஜெனரல் ஷாலின் படையெடுப்புகளால் நாட்டினுள்ளே விடுதலைப் படை பெரிதும் நலிந்தது. களத்தில் பிரான்ஸ் வென்றுகொண்டிருந்தது. எனினும் அவ்வாண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதி டி கோல் அல்ஜீரியரின் சுயநிர்ணய உரிமையை ஏற்று உரையாற்றினார். 1960 டிசம்பர் 11ஆம் திகதி, அமைதியடைந்துவிட்டதாகக் கூறப்பட்ட அல்ஜியர்ஸ் நகரின் முஸ்லிம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பச்சை, வெள்ளைக் கொடிகளுடன் திரண்டு வந்தனர். அவர்களுள் பெண்களும் சிறுவரும் அதிகம். ஐந்தாம் பணியகத்தின் ஆண்டுக்கணக்கான உழைப்பு ஒரே நாளில் பயனற்றுப் போயிற்று. டிசம்பர் 19ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அல்ஜீரிய மக்களின் சுயநிர்ணய உரிமையை அங்கீகரித்தது.

பிரெஞ்சு அல்ஜீரியா நிலைக்கும் என மக்களுக்கு ஓயாது போதித்தவர்கள் இறுதியில் தாமே அதனை முழுமையாக நம்பியவராயினர். தம் அரசு அவ்வாக்கைக் கைவிட்டபோது அவர்கள் அரசுக்கே எதிராகத் திரும்பினர். 1960 ஜனவரியில் குடியேறிகள் வீதித்தடைகளை எழுப்பிக் கிளர்ந்தபோது ஐந்தாம் பணியகத்தின் தலைவர் கேர்ணல் கார்த் அவர்களுக்கு ஆதரவளித்தார். அதன்பின் அப்பணியகமே கலைக்கப்பட்டது. 1961 ஏப்ரலில் ஜெனரல்கள் நால்வர் நடத்திய இராணுவச் சதியில் லஷெரோய், கார்த், கொதார் ஆகிய மூவரும் பங்கேற்றனர். அச்சதியை முறியடித்ததும் ஒரு குரலே. ஏப்ரல் 23ஆம் திகதி டி கோல் ஆற்றிய உரையைக் கட்டாயச் சேவையிலிருந்த சாதாரணப் படைவீரர்கள் தம் சிறு டிரான்சிஸ்டர் வானொலிகளில் கேட்டு, சதிகாரருக்குப் பணிய மறுத்தனர். மனங்களை ஆள்வதில் வல்லுநர் எனத் தம்மைக் கருதியோர் தம் சொந்தப் படையினரின் மனத்தை அறிந்திருக்கவில்லை. சதி தோற்றபின், இரகசிய இராணுவ அமைப்பில் இணைந்தோரின் குண்டுகள் அல்ஜீரியரையும் பிரெஞ்சுக்காரரையும் கொன்றன. 1962 ஜூனில் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழக நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது.

முடிவுரை

1962 மார்ச் 18ஆம் திகதி எவியன் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. சுதந்திர தினமாக ஜூலை 5 தெரிவு செய்யப்பட்டது. 132 ஆண்டுகளுக்கு முன் சரணடைவு உடன்படிக்கை ஒப்பமிடப்பட்ட அதே நாள். நவம்பரில் கெச்சாவா மீண்டும் பள்ளிவாசலாயிற்று. உலமாக்கள் சங்கத்தின் பெரியார் ஷெய்க் பஷீர் அல்இப்ராஹீமி அங்கு ஜும்ஆப் பிரசங்கம் நிகழ்த்தினார். முதல் துண்டுப்பிரசுரம் மீறிய வாக்கு அவ்வாறு மீட்கப்பட்டது.

2003 ஓகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்டகனில், ஈராக்கை ஆக்கிரமித்திருந்த படைகளின் அதிகாரிகளுக்காக ‘அல்ஜியர்ஸ் சமர்’ திரைப்படம் காட்டப்பட்டது. கபீலியாவில் பணியாற்றிய பிரெஞ்சு அதிகாரி டேவிட் கலுலா 1964இல் எழுதிய நூல், அமெரிக்க இராணுவம் 2006இல் வெளியிட்ட கிளர்ச்சி எதிர்ப்புக் கையேட்டுக்கு ஆதாரங்களுள் ஒன்றாயிற்று. அல்ஜீரியாவிலிருந்து நுட்பத்தை மீண்டும் ஒரு முறை கடன்பெற்றோர், அந்நுட்பத்தின் முடிவைக் கடன்பெற விரும்பவில்லை.

பொய்யின் ஆயுள் பற்றியும் இவ்வரலாறு ஒரு கணக்கைத் தருகின்றது. பூமன்ஜல் கொலை செய்யப்பட்டார் எனப் பிரெஞ்சு ஜனாதிபதி 2021 மார்ச்சில் ஒப்புக்கொண்டார். பின் மஹீதியைப் பிரெஞ்சுப் படையினரே கொன்றனர் என 2024 நவம்பர் 1ஆம் திகதி, புரட்சியின் எழுபதாவது ஆண்டு நிறைவில், ஏற்கப்பட்டது. கொல்லப்பட்டோரின் குடும்பத்தினருக்கு இவ்வொப்புதல் மிகப் பிந்தியே வந்தது. பின் மஹீதியின் பெயரிலான கறையை நீக்குவதற்குப் பாரிஸுக்கு அறுபத்தேழு ஆண்டுகள் பிடித்தன. மலூஸாவின் கைம்பெண்களுக்கும் கபீலியாவின் மாணவர்களுக்கும் அதே நீதியைச் செய்யும் கடன் அல்ஜீரியருடையது. அதனைப் பிறரது ஒப்புதலுக்காகக் காத்திராமல் நிறைவேற்றும்போதே, உலகின் முன் சாட்சியத்தால் வென்ற ஒரு போராட்டம் தன் சொந்த மக்களின் முன்பும் வென்றதாகும்.